கிட்னி பிரச்சனை உள்ள பூனைக்கு சாப்பாடு: முதல்ல வயித்துக்குள்ள போகணும், மத்ததெல்லாம் அப்புறம்

பூனைக்கு கிட்னி பிரச்சனைன்னு ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் பண்ற முதல் வேலை, சிக்கன் குடுக்கலாமா, மீன் குடுக்கலாமா, புரோட்டீனை அடியோட நிறுத்திடணுமான்னு ராத்திரி முழுக்க தேடறதுதான். டாக்டர் ரீனல் டயட்னு, அதாவது கிட்னி நோய்க்குன்னே செஞ்ச சாப்பாடு ஒண்ணு எழுதிக் குடுத்திருப்பார், அதை வாங்கி ஆசையா தட்டுல போட்டா நம்ம மகாராணி ஒரு தடவை மோந்து பாத்துட்டு, தட்டு பக்கத்துல தரையை சுரண்டி மூடற மாதிரி பண்ணிட்டு போயிடுவா. அங்கதான் உண்மையான பிரச்சனையே ஆரம்பிக்குது, ஏன்னா என்ன குடுக்கணும்ங்கறது ஓரளவுக்கு தெளிவா தெரிஞ்ச விஷயம், அதை எப்படி சாப்பிட வைக்கிறதுங்கறதுதான் தலைவலி.

அதனால முதல்லயே வரிசையை சொல்லிடறேன், மனசுல ஏத்திக்கோங்க. ஒண்ணு, பூனை தினமும் போதுமான அளவு சாப்பிடணும், அது எதுவா இருந்தாலும் சரி. ரெண்டு, உடம்புக்குள்ள தண்ணி போகணும். மூணு, பாஸ்பரஸ் குறையணும். நாலாவதுதான் புரோட்டீன் கணக்கு. இந்த வரிசையை தலைகீழா பிடிச்சுக்கிட்டு, புரோட்டீனுக்கு பயந்து பூனையை பட்டினி போடறதுதான் ரொம்ப பேர் வீட்ல நடக்குது, கிட்னி நோய் பூனையை சாய்க்கறதுக்கு முன்னாடியே பட்டினி சாய்ச்சிடும்.

ரிப்போர்ட்டை கொஞ்சம் புரிஞ்சுக்கலாம்

கிட்னி ரத்தத்துல இருக்கிற கழிவை வடிகட்டுது, யூரினை கெட்டியாக்கி தண்ணியை உடம்புக்குள்ளயே திருப்பி எடுத்துக்குது, பாஸ்பரஸை வெளிய தள்ளுது, ரத்தம் ஊற தேவையான ஹார்மோனையும் பண்ணுது. வயசான பூனைகள்ல இது மெதுவா, வருஷக்கணக்குல தேயும், தேஞ்சது திரும்ப வராது. கிட்னி வடிகட்ட வேண்டிய கிரியாட்டினின்ங்கற கழிவு ரத்தத்துல ஏறிடுச்சுன்னு ரிப்போர்ட்ல தெரியும்போது கிட்டத்தட்ட முக்கால்வாசி வேலை ஏற்கனவே போயிருக்கும், எஸ்டிஎம்ஏன்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, அது கொஞ்சம் முன்னாடியே காட்டிக் குடுக்கும். ஐரிஸ்ங்கற சர்வதேச குழுவோட கணக்குப்படி கிரியாட்டினின் 1.6-க்கு கீழ இருந்தா முதல் ஸ்டேஜ், 1.6-ல இருந்து 2.8 வரைக்கும் ரெண்டாவது, 2.9-ல இருந்து 5 வரைக்கும் மூணாவது, 5-க்கு மேல போனா நாலாவது, எல்லாமே ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல எத்தனை மில்லிகிராம்ங்கற கணக்கு. தண்ணி வத்திப்போன நிலைமைல ரத்தம் எடுத்தா நம்பர் சும்மாவே ஏறி நிக்கும், அதனால ஒரு ரிப்போர்ட்டை வச்சு ஸ்டேஜ் முடிவு பண்ணாம, பூனை நல்லா தேறினப்புறம் இன்னொரு தடவை பாக்க சொல்லுங்க.

ஸ்டேஜ் எதுக்கு தெரியணும்னா சாப்பாடு அதைப் பொறுத்துதான் மாறும். ரீனல் டயட் பொதுவா ரெண்டாவது ஸ்டேஜ்ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. முதல் ஸ்டேஜ்லயே பயந்துபோய் ரொம்ப கம்மி பாஸ்பரஸ் சாப்பாடு ஆரம்பிச்சா சில பூனைகளுக்கு ரத்தத்துல கால்சியம் ஏற ஆரம்பிக்கும், அது தனி வம்பு. இதுக்காகவே ஆரம்ப கட்ட பூனைகளுக்குன்னு மிதமா பாஸ்பரஸ் குறைச்ச வகைகள் தனியா வருது, டாக்டர்கிட்ட அதைப்பத்தி கேளுங்க. எந்த ஸ்டேஜா இருந்தாலும் பாஸ்பரஸோட கால்சியத்தையும் சேத்தே பாக்க சொல்லுங்க.

ஏன் பாஸ்பரஸ்தான் வில்லன்

கிட்னி சரியா வேலை செய்யலைன்னா சாப்பாட்டுல வர்ற பாஸ்பரஸ் வெளிய போகாம ரத்தத்துல தேங்கும். உடம்பு அதை சமாளிக்க பாராதைராய்டு ஹார்மோனை ஏத்தும், அது எலும்புல இருந்து கால்சியத்தை உருவும், கடைசில கால்சியமும் பாஸ்பரஸும் சேந்து கிட்னிலயே போய் படியும், மிச்சமிருக்கிற கிட்னியும் வேகமா கெடும். ரத்தத்துல பாஸ்பரஸ் ரெண்டாவது ஸ்டேஜ்ல 4.6-க்கு கீழ, மூணாவதுல 5-க்கு கீழ, நாலாவதுல 6-க்கு கீழ இருக்கணும்ங்கறது ஐரிஸ் வச்சிருக்கிற இலக்கு, இதுவும் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்குதான். லேப் ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருக்கிற எல்லை இதைவிட தாராளமா இருக்கும், அதனால நார்மல்னு பாத்து சந்தோஷப்படாம நம்பரை பாருங்க.

இது சும்மா தியரி இல்ல. 2000-ல வந்த ஒரு ஆய்வுல ரீனல் டயட் சாப்பிட்ட பூனைகள் நடுத்தரமா 633 நாள் உயிரோட இருந்துச்சு, சாப்பிடாதது 264 நாள். ஆனா அதுல ஒரு ஓட்டை, ரீனல் டயட் சாப்பிட மாட்டேன்னு அடம்பிடிச்ச பூனைகள்தான் அந்த ரெண்டாவது குரூப்பு, சரியா சாப்பிடாத பூனை சீக்கிரம் போறதுல என்ன ஆச்சரியம்னு கேக்கலாம். அப்புறம் 2006-ல முறையா குலுக்கல் போட்டு பிரிச்சு, 45 பூனைகளை 2 வருஷம் வரைக்கும் பாத்தாங்க, ரீனல் டயட் சாப்பிட்ட குரூப்புல கிட்னியால ஒரு பூனை கூட சாகலை, சாதாரண சாப்பாடு சாப்பிட்ட குரூப்புல அஞ்சுல ஒண்ணுக்கு மேல போயிடுச்சு. பூனை வைத்தியத்துல இவ்ளோ தெளிவா ஒரு விஷயம் வேலை செய்யுதுன்னு காட்டற ஆதாரம் ரொம்ப அபூர்வம். அதனால ரீனல் டயட் வியாபார தந்திரம்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

ஹில்ஸ் கே/டி, ராயல் கேனின் ரீனல், பியூரினா என்எஃப்னு பல கம்பெனில வருது, ஒவ்வொண்ணுலயும் வெட் ஃபுட்டும் ட்ரை ஃபுட்டும் விதவிதமான ஃப்ளேவர்லயும் இருக்கு. இதுல எது பெஸ்ட்னு கேக்காதீங்க, உங்க பூனை எதை சாப்பிடுதோ அதுதான் பெஸ்ட். பாஸ்பரஸை குறைக்கறது மட்டும் இதுல வேலை இல்ல, சோடியம் கம்மி, பொட்டாசியமும் பி விட்டமினும் ஒமேகா 3-யும் கூடுதல், ரத்தத்துல ஆசிட் சேராம பாத்துக்கற மாதிரியும் செஞ்சிருப்பாங்க, கொஞ்சமா சாப்பிட்டாலும் கலோரி போற மாதிரி கொழுப்பும் தூக்கலா இருக்கும். சும்மா புரோட்டீன் கம்மியா ஒரு சாப்பாடு எடுத்து குடுத்தா இதெல்லாம் வராது.

லேபிள் படிக்கறப்ப ஏமாறாதீங்க

ரீனல் டயட்டை சுத்தமா தொடவே மாட்டேங்குது, சாதாரண பூனை சாப்பாட்டுலயே பாஸ்பரஸ் கம்மியா இருக்கறதா பாத்து எடுக்கணும்னா லேபிள் படிக்க தெரியணும். இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரு பவுச்சுல பாஸ்பரஸ் 0.2 சதவீதம்னு போட்டிருக்கு, ஒரு ட்ரை ஃபுட் பாக்கெட்ல 0.6-ன்னு போட்டிருக்கு, பவுச்சுதான் கம்மின்னு தோணும்ல? பவுச்சுல 80 சதவீதம் தண்ணி, அப்போ நிஜ சாப்பாடு 20 சதவீதம்தான், 0.2-ஐ 20-ஆல வகுத்து 100-ஆல பெருக்கினா 1 சதவீதம் வருது. ட்ரை ஃபுட்ல தண்ணி 8 சதவீதம், மிச்சம் 92, அதே கணக்கு போட்டா 0.65 சதவீதம்தான். தண்ணியை கழிச்சு பாத்தா பவுச்சுலதான் பாஸ்பரஸ் அதிகம். இப்படி தண்ணியை கழிச்ச கணக்குல ரீனல் டயட் எல்லாம் பெரும்பாலும் 0.3-ல இருந்து 0.6 சதவீதத்துக்குள்ள இருக்கும், சாதாரண சாப்பாடு நிறைய 1 சதவீதத்தை தாண்டியிருக்கும்.

இதைவிட நல்ல கணக்கு, 1000 கலோரிக்கு எத்தனை கிராம் பாஸ்பரஸ்னு பாக்கறது, ஏன்னா பூனை சாப்பிடறது கலோரி கணக்குலதான். பாக்கெட்ல இது பெரும்பாலும் இருக்காது, கம்பெனிக்கு மெயில் போட்டு கேட்டா நல்ல கம்பெனி சொல்லும், சொல்ல மாட்டேன்னு இழுக்கற கம்பெனியை நான் தொடறதே இல்ல. இன்னொண்ணும் பாருங்க, சேர்மான லிஸ்ட்ல பாஸ்பேட், பாஸ்பாரிக் ஆசிட்னு முடியற பேர் ஏதாவது இருக்கான்னு. கறில இயற்கையா இருக்கிற பாஸ்பரஸை விட இப்படி உப்பு மாதிரி சேக்கற பாஸ்பரஸ் உடம்புல ரொம்ப சுலபமா ஏறும், கிரேவிக்காகவும் ருசிக்காகவும் நிறைய பேர் சேக்கறாங்க. பூனை நக்கி சாப்பிடற ட்ரீட் டியூபுலயும் இதைப் பாத்துக்கோங்க.

புரோட்டீன் பத்தி ஒரு வார்த்தை

பூனை கறி தின்னியாவே பொறந்த ஜீவன், அதுக்கு புரோட்டீன் தேவை நம்மளவிட நாயைவிட எல்லாம் ரொம்ப ஜாஸ்தி, சாப்பாட்டுல வரலைன்னா சொந்த தசையை கரைச்சு எடுத்துக்கும். முதுகெலும்பு தட்டுப்பட ஆரம்பிச்சு, பின்னங்கால் மெலிஞ்சு, குதிக்க முடியாம போறது பல நேரம் கிட்னி மட்டும் பண்ற வேலை இல்ல, புரோட்டீனும் கலோரியும் பத்தாம போறதும்தான். அதனால ரீனல் டயட்லயும் புரோட்டீன் இல்லாம இல்ல, தண்ணி கழிச்ச கணக்குல 28-ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் இருக்கும், பெரிய பூனைக்கு குறைஞ்சபட்சம்னு அமெரிக்க விதிமுறை வச்சிருக்கறதே 26 சதவீதம். குறைக்கறதுக்கு காரணம் யூரியா, புரோட்டீன் உடையறப்ப வர்ற கழிவு அது, மூணாவது நாலாவது ஸ்டேஜ்ல அது ஏறினா குமட்டல், வாய்ப்புண் எல்லாம் வரும். அதோட புரோட்டீன் ஜாஸ்தியா இருக்கிற சாப்பாட்டுல பாஸ்பரஸும் கூடவே வரும். சாதம் காய்னு குடுத்து சைவமாக்கிடலாம்னு மட்டும் நினைச்சுடாதீங்க, கறில இருக்கிற டாரின்ங்கற சத்து இல்லாம கண்ணும் இதயமும் போயிடும்.

மாத்தறது எப்படி

அவசரப்படவே கூடாது. நாலு வாரம், பிடிவாதக்கார பூனைக்கு எட்டு வாரம் கூட ஆகட்டும், கிட்னி வருஷக்கணக்குல கெட்டது, ரெண்டு வாரத்துல ஒண்ணும் குடி முழுகிடாது. முதல் சில நாள் பழைய சாப்பாடு வழக்கமான தட்டுல வழக்கமான இடத்துல, பக்கத்துல இன்னொரு தட்டுல புதுசு ஒரு ஸ்பூன் மட்டும், சாப்பிட்டாலும் சாப்பிடலைன்னாலும் கண்டுக்காதீங்க, அந்த வாசனை பழகட்டும். அப்புறம் பழசுல பத்துல ஒரு பங்கு புதுசை கலந்து நாலஞ்சு நாள், ஒத்துக்கிட்டா ரெண்டு பங்கு, எங்கயாவது மூஞ்சியை திருப்பினா ஒரு படி பின்னாடி போயி அங்கயே ஒரு வாரம் நில்லுங்க. வெட் ஃபுட் சாப்பிடற பூனைக்கு ரீனல் வெட் ஃபுட்டும், ட்ரை ஃபுட் பழகினதுக்கு ரீனல் ட்ரை ஃபுட்டும் முதல்ல முயற்சி பண்ணுங்க, வெட், ட்ரைங்கற வகையையும் சாப்பாட்டையும் ஒரே நேரத்துல மாத்தினா எதை பிடிக்கலைன்னே தெரியாது. பாதி ரீனல் பாதி பழசுன்னு அங்கயே நின்னுட்டாலும் பரவால்ல, அதுவும் பாஸ்பரஸை குறைச்சதுதான்.

பூனைக்கு ஒரு குணம் இருக்கு, ஒரு சாப்பாட்டை சாப்பிட்டப்ப குமட்டல் இருந்துச்சுன்னா அந்த சாப்பாடுதான் காரணம்னு முடிவு பண்ணிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் தொடாது. அதனால ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏத்திட்டு படுத்திருக்கறப்ப ரீனல் டயட்டை அறிமுகம் பண்ணாதீங்க, அங்க எது பிடிக்குமோ அதை சாப்பிடட்டும், வீட்டுக்கு வந்து தெம்பானப்புறம் ஆரம்பிக்கலாம். கசப்பு மாத்திரையை ரீனல் சாப்பாட்டுல ஒளிச்சு குடுக்கற வேலையும் வேணாம், மாத்திரைக்கு வேற ஏதாவது துளி வச்சு தனியா குடுங்க. வாய்ல திணிக்கறது, பிடிச்சு உக்கார வச்சு தடவறது, இதெல்லாம் அந்த சாப்பாட்டு மேல வெறுப்பைத்தான் வளக்கும்.

சாப்பிடலைன்னா ஏன் சாப்பிடலைன்னு பாருங்க

அடம்னு நாம நினைக்கறது பாதி நேரம் குமட்டலாத்தான் இருக்கும். பசிச்ச மாதிரி தட்டுக்கு ஓடி வரும், மோந்து பாக்கும், உதட்டை நக்கும், எச்சிலை முழுங்கும், திரும்பி போயிடும், காலைல வெறும் வயித்துல நுரை வாந்தி எடுக்கும். இந்த மாதிரி இருந்தா நூறு ஃப்ளேவர் வாங்கிக் குடுத்தாலும் பிரயோஜனம் இல்ல, முதல்ல குமட்டலுக்கு மருந்து கேளுங்க, மரோபிடன்ட், ஒன்டான்செட்ரான் மாதிரி டாக்டர் எழுதுவார். பசியை தூண்டவும் மருந்து இருக்கு. மிர்டாசபின் வாந்தியையும் குறைச்சு பசியையும் கிளப்பும், ஆனா கிட்னி பூனை உடம்புல இருந்து அது மெதுவாத்தான் வெளிய போகும், அதனால ரொம்ப சின்ன டோஸ் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குடுப்பாங்க, மனுஷங்க மாத்திரையை கண்ணளவுல உடைச்சு குடுத்தா பூனை ராத்திரி முழுக்க கத்திக்கிட்டு நடுங்கிக்கிட்டு கிடக்கும். காதுல தடவற ஆயின்ட்மென்ட்டாவும் வருது, மாத்திரைக்கு சண்டை போடற பூனைக்கு அது பெரிய விடிவு. கேப்ரோமோரெலின்னு ஒரு சொட்டு மருந்தும் இருக்கு, கிட்னி பூனையோட எடை குறையறதுக்குன்னே அமெரிக்காவுல 2020-ல அனுமதி குடுத்தாங்க.

குமட்டல் இல்லைன்னா வேற என்னன்னு பாருங்க. பல்லு வலி, வாய்ப்புண், ரத்த சோகை, உடம்புல தண்ணி வத்தறது, மலச்சிக்கல். கடைசி ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி சேந்தே வரும், லிட்டர் பாக்ஸ்ல சின்ன சின்னதா காஞ்ச உருண்டையா இருந்தா சந்தேகப்படுங்க. பொட்டாசியம் கம்மியானாலும் பசி போயிடும், தலையை தூக்க முடியாம கழுத்து தொங்கி மோவாய் நெஞ்சுல பட்டபடி நடக்கும், அந்த மாதிரி பாத்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, பொட்டாசியம் பவுடரோ ஜெல்லோ ரத்த டெஸ்ட் பாத்துட்டு குடுப்பாங்க, நாமளா ஆரம்பிச்சா இதயத்துல கை வைக்கற விஷயம் அது.

இதெல்லாம் சரி பண்ணினப்புறம் சமையல்கட்டு தந்திரங்கள். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததை அப்படியே வைக்காதீங்க, உடம்பு சூட்டுக்கு வர்ற அளவு, அதாவது 37, 38 டிகிரிக்கு லேசா சூடு பண்ணினா வாசனை எழும்பும், வயசான பூனைக்கு மூக்குதான் வாய். மைக்ரோவேவ்ல பண்ணினா நல்லா கலக்கிட்டு விரல் வச்சு பாருங்க, நடுவுல கொதிக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை நிறைய வைக்கறதை விட அஞ்சாறு தடவை கொஞ்சம் கொஞ்சமா, தட்டையான தட்டுல, லிட்டர் பாக்ஸ்ல இருந்து தள்ளி. மேல தூவ ஏதாவது வேணும்னா உப்பு போடாத சிக்கன் வேகவச்ச தண்ணி ஒரு ஸ்பூன், உப்பில்லாத டுனா டின்ல இருக்கிற தண்ணி கொஞ்சம், வேகவச்ச முட்டை வெள்ளைக்கரு துளி. வெள்ளைக்கருல நல்ல புரோட்டீனும் இருக்கு, பாஸ்பரஸும் ரொம்ப கம்மி, மஞ்சள்கரு அப்படி இல்ல. சூப்பு எதுவா இருந்தாலும் வெங்காயம் பூண்டு பட்டிருக்கவே கூடாது, பவுடரா கூட கூடாது, பூனை ரத்த சிவப்பணுவை அது உடைச்சிடும், ஏற்கனவே ரத்தம் கம்மியான பூனைக்கு அது போதும்.

எவ்ளோ சாப்பிட்டா போதும்? கிலோவுக்கு 50-ல இருந்து 60 கலோரின்னு வச்சுக்கோங்க, 4 கிலோ பூனைக்கு 200-ல இருந்து 240 கலோரி வருது. பாக்கெட்ல கலோரி போட்டிருக்கும், தினமும் வச்சது எவ்ளோ மிஞ்சினது எவ்ளோன்னு சமையல் தராசுல எடை போட்டுடுங்க, "சாப்பிடுது டாக்டர்"னு சொல்றதுக்கும் "தேவையானதுல பாதிதான் போகுது"ன்னு சொல்றதுக்கும் வைத்தியமே மாறும்.

ஒரு நாள் முழுக்க ஒண்ணுமே சாப்பிடலைன்னா டாக்டருக்கு போன் பண்ணுங்க, ரெண்டு மூணு நாள் பாக்கலாம்னு விடாதீங்க. பூனை பட்டினி கிடந்தா உடம்புல இருக்கிற கொழுப்பு மொத்தமா ஈரலுக்கு ஓடி வந்து ஈரலே வேலைநிறுத்தம் பண்ணும், குண்டு பூனைக்கு இன்னும் சீக்கிரம். அந்த நேரத்துல ரீனல் டயட்டாவது ஒண்ணாவது, அதுக்கு பிடிச்சது எதுவோ அதை வச்சிடுங்க.

சிரிஞ்ச் வச்சு வாய்ல ஊட்டறதை நான் பெருசா சிபாரிசு பண்ண மாட்டேன், ரெண்டு பேருக்கும் சண்டை, சாப்பாடு மூச்சுக்குழாய்ல போற பயம், தேவையான கலோரில பாதி கூட போகாது. ஃபீடிங் டியூப் பத்தி பேச்செடுத்தாலே எல்லாரும் ஐயோ இவ்ளோ தூரம் ஆயிடுச்சான்னு அழ ஆரம்பிச்சிடறாங்க, ஆனா கழுத்து பக்கமா உணவுக்குழாய்க்குள்ள வைக்கிற டியூப் அவ்ளோ பயப்படற விஷயம் இல்ல. சின்ன மயக்க மருந்துல வச்சிடுவாங்க, பூனை அதோடயே ஓடியாடும், வாயாலயும் சாப்பிடும், நாம டியூப் வழியா கரைச்ச சாப்பாடும் தண்ணியும் மாத்திரையும் சண்டையில்லாம குடுத்துடலாம், மாசக்கணக்குல கூட வச்சிருக்கலாம். கடைசி நேரத்துல வைக்கறதை விட எடை ரொம்ப இறங்கறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கறது நல்லது.

தண்ணி

கிட்னி பூனை நிறைய குடிக்கும், நிறைய யூரின் போகும், கெட்டியாக்க முடியாததாலதான் அப்படி. அடிக்கடி போகுதேன்னு தண்ணி கிண்ணத்தை எடுத்து வைக்கறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க, ஒரே நாள்ல பூனை கவுந்துடும்.

4 கிலோ பூனைக்கு சாப்பாட்டோட சேத்து தினமும் சுமாரா 200 மில்லி தண்ணி வேணும். 200 கலோரிக்கு வெட் ஃபுட் குடுத்தா அதுலயே 160, 170 மில்லி போயிடும், அதே 200 கலோரியை ட்ரை ஃபுட்ல குடுத்தா 50 கிராம், அதுல இருக்கிற தண்ணி வெறும் 4 மில்லி, மிச்சத்தை அது கிண்ணத்துல குடிச்சே ஈடுகட்டணும், பெரும்பாலான பூனை ஈடுகட்டாது. வெட் ஃபுட் நல்லதுன்னு சொல்றதுக்கு இந்த ஒரு கணக்கே போதும். ஆனா ரீனல் ட்ரை ஃபுட் மட்டும்தான் சாப்பிடுவேன்னு இருந்தா அதையே குடுங்க, ரீனல் இல்லாத பவுச்சுக்கு மாத்தறதை விட அது மேல். வெட் ஃபுட்லயே இன்னும் ரெண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணி கலந்து கூழா குடுக்கலாம், நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா கூட்டினா கண்டுபிடிக்காது. வீட்ல நாலு இடத்துல அகலமான கிண்ணம், சாப்பாட்டு தட்டுக்கு பக்கத்துல வேணாம், ஓடற தண்ணி பிடிச்ச பூனைக்கு ஃபவுன்டன். பால் வேணாம், பாஸ்பரஸும் இருக்கு, வயித்தையும் கலக்கும். மனுஷங்களுக்கான எலக்ட்ரோலைட் பவுடரும் வேணாம், அதுல இருக்கிற சோடியம் பிரஷர் ஏறின கிட்னி பூனைக்கு ஆகாது. எவ்ளோ பண்ணியும் வத்திப்போயிட்டே இருந்தா தோலுக்கடில ட்ரிப்ஸ் ஏத்தறதை டாக்டர் வீட்லயே பண்ண கத்துக்குடுப்பார், பயப்படற அளவுக்கு கஷ்டம் இல்ல, ஆனா அளவு டாக்டர் சொன்னதுதான், இதய பிரச்சனை இருக்கிற பூனைக்கு ஒரு பங்கு கூடினாலும் நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும்.

பைண்டர், மீன் எண்ணெய், இன்ன பிற

ரீனல் டயட் சாப்பிட்டும் பாஸ்பரஸ் இறங்கலைன்னா, இல்ல ரீனல் டயட்டே சாப்பிடலைன்னா, பாஸ்பேட் பைண்டர்னு ஒரு பவுடர் குடுப்பாங்க. அது குடல்ல சாப்பாட்டுல இருக்கிற பாஸ்பரஸை பிடிச்சு மலத்தோட வெளிய கொண்டு போயிடும். இதுல ரொம்ப பேர் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு, பைண்டரை சாப்பாட்டோடதான் குடுக்கணும், ஒவ்வொரு வேளையும் பிரிச்சு கலந்து. வெறும் வயித்துல குடுத்தா பிடிக்கறதுக்கு அங்க பாஸ்பரஸே இல்ல, காசு போனதுதான் மிச்சம். அலுமினியம் ஹைட்ராக்சைடு நல்லா பிடிக்கும், ருசி அவ்ளோவா தெரியாது, ஆனா மலச்சிக்கல் வரலாம். கால்சியம் கார்பனேட் வகை கால்சியம் ஏறின பூனைக்கு கூடாது. லாந்தனம்னு ஒண்ணு இருக்கு, அதுல அலுமினியமும் இல்ல கால்சியமும் இல்ல. டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக் ஓடிட்டு இருந்தா பைண்டர் அதையும் பிடிச்சு வேலை செய்ய விடாது, நடுவுல எத்தனை மணி நேரம் விடணும்னு கேட்டுக்கோங்க.

மீன் எண்ணெய் சேக்கறதுல தப்பில்ல, ஆனா ரீனல் டயட்ல ஏற்கனவே இருக்கும், காட் லிவர் ஆயில் மட்டும் வேணாம், அதுல ஏ-யும் டி-யும் சேந்து உடம்புல தேங்கும். பி12, பி காம்ப்ளக்ஸ் யூரின்ல போயிட்டே இருக்கறதால பல டாக்டர்கள் குடுப்பாங்க. யூரியாவை குடல்லயே தின்னுடும்னு விக்கற ப்ரோபயாட்டிக்குக்கு உருப்படியான ஆதாரம் இல்ல, அந்த காசுல நல்ல வெட் ஃபுட் வாங்குவேன் நான்.

வீட்லயே சமைக்கலாமா

ஆசை எல்லாருக்கும் வரும். வெறும் வேகவச்ச சிக்கன் பூனைக்கு முழு சாப்பாடு இல்ல, பாஸ்பரஸ் எக்கச்சக்கம், கால்சியம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, கிட்னி பூனைக்கு இது ரெண்டு மடங்கு கெடுதல். கறியை நிறைய தண்ணில வேகவச்சு தண்ணியை கொட்டிட்டா பாஸ்பரஸ் கொஞ்சம் குறையும், நிஜம்தான், ஆனா அதே தண்ணில டாரினும் பொட்டாசியமும் பி விட்டமினும் போயிடும். நெட்லயும் புத்தகத்துலயும் கிடைக்கிற கிட்னி ரெசிபிகளை ஒரு குழு எடுத்து கணக்கு போட்டு 2012-ல வெளியிட்டாங்க, ஒண்ணு கூட எல்லா சத்தும் சரியா இல்ல. அதனால சமைச்சுத்தான் தீருவேன்னா, மிருகங்களுக்கான நியூட்ரிஷன் படிச்ச டாக்டர்கிட்ட உங்க பூனை ரிப்போர்ட்டை குடுத்து ரெசிபி வாங்குங்க, அவர் சொன்ன விட்டமின் மினரல் பவுடரை ஒரு நாள் கூட விடாம சேருங்க. பச்சை கறி வேணாம். எலும்பு, எலும்பு சூப்பு, ஈரல், முள்ளோட சின்ன மீன், சீஸ், பதப்படுத்தின கறி, இதெல்லாம் பாஸ்பரஸோ உப்போ ரெண்டுமோ கொட்டிக் கிடக்கறது. ரெண்டு நாளா பட்டினி கிடக்கற பூனை ஒரு துண்டு சிக்கனை தின்னா மட்டும் தடுக்காதீங்க, வரிசை ஞாபகம் இருக்குல்ல.

எடை, டெஸ்ட், கூட இருக்கிற பூனைகள்

வாரா வாரம் ஒரே நாள் ஒரே நேரத்துல எடை பாருங்க, குழந்தைகளை எடை போடற தராசு இருந்தா அருமை, நாம தூக்கிக்கிட்டு ஏறி கழிக்கற கணக்குல 100 கிராம் வித்தியாசம் தெரியாது. 4 கிலோ பூனைக்கு 200 கிராம் குறைஞ்சா 5 சதவீதம், 80 கிலோ ஆளுக்கு 4 கிலோ குறைஞ்சதுக்கு சமம், அதை சின்ன விஷயமா எடுத்துக்காதீங்க. கிட்னி நோய் கண்டுபிடிக்கறதுக்கு 3 வருஷம் முன்னாடியே எடை இறங்க ஆரம்பிச்சிருக்கும்னு பழைய ரெக்கார்டுகளை வச்சு பாத்திருக்காங்க, வீட்ல வேற வயசான பூனை இருந்தா அதையும் தராசுல ஏத்துங்க. முதுகெலும்பு மேல விரலை ஓட்டி தசையையும் தடவி பாருங்க, வயிறு தொங்கிக்கிட்டு எடை அப்படியே இருந்தாலும் முதுகுல தசை போயிருக்கலாம். சாப்பாடு மாத்தினா ஒண்ணு ரெண்டு மாசத்துல ரத்தம் யூரின் பாருங்க, அப்புறம் நிலையா இருந்தா 3-ல இருந்து 6 மாசத்துக்கு ஒரு தடவை, பிரஷரும் சேத்து. தைராய்டு, சர்க்கரை, யூரின்ல கல்லுன்னு கூட வேற ஏதாவது இருந்தா சாப்பாட்டு முடிவு மாறும், தைராய்டு டயட், கல்லுக்கான டயட், ரீனல் டயட் மூணையும் நாமளா கலந்து குடுக்கறதுல அர்த்தம் இல்ல, இப்போ எது அவசரமோ அதுக்கு எதுன்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். நாலாவது ஸ்டேஜ்ல, வயசும் ஆகி, மருந்துக்கும் அசையாம இருக்கிற பூனைக்கு பாஸ்பரஸ் கணக்கை மூட்டை கட்டி வச்சிட்டு அதுக்கு பிடிச்சதை குடுங்கன்னு நல்ல டாக்டரே சொல்வார், அப்படி சொன்னா குத்த உணர்ச்சியில்லாம குடுங்க.

வீட்ல நாலஞ்சு பூனை இருந்தா சாப்பாட்டை நாள் முழுக்க திறந்து வைக்கற பழக்கத்தை விட்டுடணும், யாரு எதை தின்னாங்கன்னே தெரியாது. வேளைக்கு வேளை தனித்தனி ரூம்ல கதவை சாத்தி 20 நிமிஷம் விடுங்க, இல்ல பூனையோட மைக்ரோசிப்பை பாத்து திறக்கற ஃபீடர் வருது, விலை கூடுதல்தான், ஆனா கொஞ்சம் கொஞ்சமா நாள் பூரா கொறிக்கற கிட்னி பூனைக்கு அதைவிட வசதி வேற இல்ல. நல்லா இருக்கிற பெரிய பூனை ரீனல் சாப்பாட்டுல அப்பப்ப வாய் வச்சா ஒண்ணும் ஆகாது, குட்டிகளும் சினை பூனையும் மட்டும் அதை சாப்பிட விடாதீங்க, வளர்ற உடம்புக்கு அதுல இருக்கிற புரோட்டீனும் பாஸ்பரஸும் பத்தாது.